மனையும் பிரசவ விடுதியும்: அக்கராயன் பிரதேசத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

அக்கராயன் என்னும் ஊர்ப்பெயரை அக்கிராயன் என்ற குறுநில மன்னன் ஒருவனோடு இணைத்துக் கூறும் மரபு வன்னியிலே நீண்டகாலமாக வழங்கி வருகின்றது. வன்னியின் வரலாறு எழுதப்பட்ட போதெல்லாம் குளங்கட்டியோர், திறை கொடுக்க மறுத்தோர், அந்நியரை எதிர்த்து நின்றோர் ஆகியோரின் வரலாறாகவே அது பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. அக்குளத்து நீரைக் குடித்து, அவ்வயலிலே நாற்று நட்ட பெண்கள் தம் பிள்ளைகளை எங்கே பெற்றனர், யாருடைய கையிலே பெற்றனர், பெற்றபின் எத்தனைபேர் எழுந்து நடந்தனர் என்னும் வினாக்களை எழுப்பியோர் மிகச் சிலரே. மன்னன் ஒருவனின் பிறப்பைப் பற்றிய ஐதிகம் உண்டு. குடியானவன் ஒருவனின் பிறப்பைப் பற்றிய ஆவணம் இல்லை.

வீட்டிலே பெறுவதா, பிரசவ விடுதியிலே பெறுவதா என்ற பிரச்சினை இன்று மேலைநாட்டுப் பெண்கள் பலரால் ஒரு தெரிவாகப் பேசப்படுகின்றது. எமது நாட்டிலோ அது முடிந்துபோன கதையாகக் கருதப்படுகின்றது. அறியாமையும் மூடநம்பிக்கையும் நிறைந்த வீட்டுப் பிரசவம் ஒருபுறம், அறிவும் சுகாதாரமும் நிறைந்த வைத்தியசாலைப் பிரசவம் மறுபுறம், முன்னையது மறைந்து பின்னையது வந்தது என்று சொல்லி விடுவது பாடநூல்களின் வழக்கம். வன்னியின் அனுபவத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குமிடத்து இக்கதை பொருந்தவில்லை. அங்கு பெண்ணொருத்தி எங்கே பிள்ளை பெற்றாள் என்பதை அவளது நம்பிக்கை தீர்மானித்ததிலும் பார்க்க வீதியும் மழையும் எரிபொருளும் போர்முனையுமே அதிகம் தீர்மானித்தன. இவ்வுண்மையை அக்கராயனையும் அதனைச் சூழ்ந்த பெருநிலப்பரப்பையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிலே வீட்டை நோக்குவோம். பேறுகாலம் நெருங்கியதும் வீட்டின் ஒரு மூலை, அல்லது அதற்கென அடைக்கப்பட்ட ஒரு பத்தி ஒதுக்கப்படும். வலி கண்டவுடன் மருத்துவிச்சிக்கு ஆள் போகும். யாழ்ப்பாணச் சமூக அமைப்பிலே இத்தொழில் குடிமைத் தொழில்களுள் ஒன்றாக அம்பட்டர் குலப் பெண்களுக்குரியதாயிருந்தது. குடிகள் செறிவற்ற காட்டூர்களிலே பல பிள்ளைகளைப் பெற்றும் பெறுவித்தும் கைபழகிய மூதாட்டி ஒருத்தியே அவ்விடத்தை நிரப்பினாள். அவளுடைய கை தொட்டுப் பார்த்துப் பிள்ளையின் தலை எங்கேயிருக்கின்றது என அறியும். பிள்ளை பிறந்ததும் கொப்பூழ்க்கொடி அறுப்பாள். நஞ்சு விழும்வரை காத்திருப்பாள். பேறுகாலத்துப் பெண்ணையும் சிசுவையும் நாடிவரும் என அஞ்சப்பட்ட கொத்தியைக் கலைப்பதும் அவள் பொறுப்பே.

அதன்பின் துடக்குக் கழியும் 31ஆம் நாள்வரை தாயின் உடல் வீட்டாரின் முழுக்கவனத்துக்கும் உரியதாகின்றது. கொத்தமல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி ஆகியவற்றை அம்மியிலே அரைத்தெடுத்த சரக்கிலே பத்தியக்கறி ஆக்கப்படும். பால் சுரக்கவென்று பால்சுறாவும் முருங்கையிலையும் தேடப்படும். வேப்பிலை, நொச்சி, பாவட்டை முதலிய இலைகள் அவித்த நீரிலே தோய வார்ப்பர். அவள் குனிந்து ஒரு துரும்பை எடுக்கவும் விடமாட்டார்கள். துடக்கு என்னும் கருத்து தீட்டின்பாற்பட்டது என்பதையும், அது பெண்ணை ஒதுக்கியது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் வயலிலும் அடுப்படியிலும் முறிந்த பெண்ணுக்கு ஒரு மாத ஓய்வை நியாயப்படுத்திக் கொடுத்த ஒரே ஏற்பாடும் அத்துடக்கே. இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்க்காதவரை வீட்டுப் பிரசவம் ஏன் நெடுங்காலம் நிலைத்தது என்பது விளங்காது.

ஆனால் மருத்துவிச்சியின் கைக்கு எட்டாதவை இருந்தன. குறுக்கே கிடந்த பிள்ளை, வலிப்புக் கண்ட தாய், நஞ்சு விழாமல் பெருகிய குருதி ஆகியவற்றின்முன் அவளுடைய அனுபவம் கைகட்டி நின்றது. பிள்ளை பிறந்தபின் நேரும் பெருங்குருதிப் போக்கு இரண்டொரு மணித்தியாலத்துள் உயிரைக் கொண்டுபோகக் கூடியது. கொடி அறுத்த அலகினூடாக ஏற்புவலி சிசுவைத் தாக்கியது. இவற்றோடு வன்னிக்கே உரிய மற்றொரு பகையும் சேர்ந்தது. 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது என்பர். தென்மேற்கிற்கு அது ஒரு பெருவெள்ளம் போல வந்து சென்ற அழிவு. வன்னிக்கோ அது மாரிதோறும் வரும் விருந்தாளி. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூலில் காய்ச்சலும் பறங்கி நோயும் ஊர்களைக் குன்றச்செய்த நிலை விரிவாகப் பேசப்படுகின்றது. மீண்டும் மீண்டும் காய்ச்சல் கண்ட உடலில் குருதி வற்றியிருக்கும். நல்ல உடல்நிலையுள்ள பெண் தாங்கிக்கொள்ளும் குருதியிழப்பை அவள் தாங்கமாட்டாள். ஆகவே வன்னியில் வீட்டுப் பிரசவத்தின் ஆபத்து மருத்துவிச்சியின் அழுக்குக் கைகளில் மட்டும் இருந்ததன்று. கருவுறுவதற்கு முன்னரே அது தாயின் இரத்தத்தில் குடிகொண்டிருந்தது.

இந்த நிலையிலே வைத்தியசாலை எப்போது, எவ்வாறு வந்தது? முதலில் ஓர் உண்மையை நினைவிற் கொள்ளல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலேயே பிரசவ விடுதி வீட்டைவிடப் பாதுகாப்பான இடமாக இருக்கவில்லை. வியன்னா நகரத்துப் பெரு வைத்தியசாலையில் மாணவ வைத்தியர் பயின்ற பிரிவிலே 1840களின் முற்பகுதியில் தாய்மாருள் ஏறத்தாழ 10 வீதத்தினர் இறந்தனர்; மருத்துவிச்சிகள் பயின்ற பிரிவிலே அது 4 வீதத்துக்கு அண்மையிலேயே இருந்தது. பிணங்களை அறுத்த கையோடு வைத்தியர் பிரசவம் பார்த்தமையே காரணம் என்பதை 1847இல் செம்மல்வைஸ் கண்டறிந்தார். கைகழுவும்படி அவர் கூறியதைச் சக வைத்தியர் பலர் ஏற்கவில்லை. அறியாமை மருத்துவிச்சிக்கு மட்டும் உரிய சொத்தன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே 1847இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த அவர், மவுன்சல் என்பாரின் நூலைத் தழுவிய பிரசவ வைத்தியத்தை 1857இல் தமிழில் வெளியிட்டார். பிரசவத்தைப் பற்றிய நவீன விஞ்ஞானம் தமிழ் மொழியில் இத்துணை விரைவில் கிடைத்தமை பெருமைக்குரியது. ஆனால் நூல் வேறு, கை வேறு. ஆண் வைத்தியர் ஒருவர் பிரசவ அறைக்குள் நுழைவதை அக்காலச் சமூகம் இறுதி நேரத்திலன்றி ஏற்கவில்லை. எனவேதான் 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலை தொடங்கப்பட்டமை ஒரு திருப்புமுனையாயிற்று. பெண் வைத்தியரைக் கொண்டு நடாத்தப்பட்ட அவ்வைத்தியசாலையை நம்பிக் குடாநாட்டுப் பெண்கள் வரத் தலைப்பட்டனர். கொழும்பிலே 1879இல் டி சொய்சா பிரசவ விடுதி திறக்கப்பட்டிருந்தது. இவை யாவும் நகரத்துக்கும் குடாநாட்டுக்கும் உரியவை. ஆனையிறவுக்குத் தெற்கே, கண்டி வீதியிலிருந்து முறிகண்டியிலே மேற்காகத் திரும்பிக் காட்டுக்குள் செல்லும் பாதையின் மறுமுனையிலிருந்த அக்கராயனுக்கு இணுவிலும் வியன்னாவும் ஏறக்குறைய ஒரே தூரத்திலேயே இருந்தன.

இலங்கையின் தாய்நல வரலாற்றிலே உண்மையான மாற்றம் பெரிய வைத்தியசாலைகளால் தொடங்கவில்லை. இது பலரும் கவனியாத விடயம். 1926இல் களுத்துறையில் அமைக்கப்பட்ட சுகாதாரப் பிரிவும், மருத்துவிச்சிகளின் பதிவுக்கு இடமளித்த 1927ஆம் ஆண்டின் வைத்தியக் கட்டளைச் சட்டமும் வேறொரு வழியைத் திறந்தன. குறித்த சில ஊர்களுக்குப் பொறுப்பான ஒரு மருத்துவிச்சி, பயிற்சி பெற்றவள், அரச சம்பளம் பெறுபவள், துவிச்சக்கர வண்டியிலோ கால்நடையாகவோ வீடு வீடாகச் செல்பவள் என்னும் புதிய பாத்திரம் தோன்றியது. அவள் கர்ப்பிணியை முதலில் வீட்டிலேயே கண்டாள். வீட்டிலேயே பிரசவமும் பார்த்தாள். ஆபத்தின் குறி தெரிந்தால் எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் அறிந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சிறு மருந்தகத்தோடு ஒட்டிய பிரசவ விடுதி, அதற்குப் பின்னால் மாவட்ட வைத்தியசாலை, அதற்கும் அப்பால் சத்திரசிகிச்சையும் குருதியேற்றலும் கிடைக்கும் பெருவைத்தியசாலை என ஒரு படிவரிசை உருவாயிற்று.

மக்கள் இன்றும் 'மருத்துவிச்சி' என்றே அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தரின் பயிற்சி ஒன்றரை ஆண்டு கொண்டது. அதில் ஓராண்டு வைத்தியசாலையிலும் எஞ்சிய காலம் ஊர்களிலும் கழியும். பழைய பெயர் புதிய தொழிலுக்கு ஒட்டிக்கொண்டமை தற்செயலன்று. ஊரவர் அவளைப் பழைய மருத்துவிச்சியின் வாரிசாகவே கண்டனர். சாதிக் குடிமையோடு பிணைந்திருந்த ஒரு தொழில் எந்தக் குலத்துப் பெண்ணும் பரீட்சை எழுதிப் பெறக்கூடிய உத்தியோகமாகியதும் இதனூடாகவே. பெண்கல்வியின் பரவலையும் 1931இன் சர்வசன வாக்குரிமையையும் விட்டு இம்மாற்றத்தை விளக்க முடியாது. வாக்குரிமை பெற்ற கிராமத்தவர் தம் பிரதிநிதியிடம் பாடசாலையையும் வீதியையும் கேட்டதைப் போலவே வைத்தியசாலையையும் கேட்டனர்.

இதன் விளைவு வியப்புக்குரியது. 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 2000க்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். இரு தசாப்தங்களுள் அது நான்கிலொன்று அளவுக்குக் குறைந்தது. டி.டி.ரி. தெளித்து மலேரியாவை அடக்கியமை, பென்சிலின் போன்ற மருந்துகளின் வருகை, உணவு மானியம், மருத்துவிச்சிகளின் பரவல் ஆகியவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என அறிஞரிடையே விவாதம் உண்டு. ஒன்று மட்டும் தெளிவு. இவ்வீழ்ச்சி நிகழ்ந்த காலத்தில் மிகப் பல பெண்கள் இன்னும் வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தனர். மாறியது இடத்தைக் காட்டிலும் அருகிலிருந்த ஆளும், அவளுக்குப் பின்னாலிருந்த வழியுமே.

வன்னிப் பெருநிலத்தில் இப்படிவரிசை காலந்தாழ்த்தியே வந்தது. 1902இல் தொடங்கப்பட்ட இரணைமடுக் குளத்தின் வேலையைத் தொடர்ந்து கிளிநொச்சிப் பிரதேசம் குடியேற்ற நிலமாகியது. குடாநாட்டின் நெருக்கடியிலிருந்து காணி தேடி வந்த குடும்பங்கள் இரணைமடுவின் கீழும் பின்னர் அக்கராயன் முதலிய குளங்களின் கீழும் காடு வெட்டிக் கழனியாக்கின. இக்குடியேற்றக்காரரின் பெண்களுக்கு வீடு, விடுதி என்னும் இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது இடமொன்று இருந்தது. அதுவே தாய்வீடு. தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்வது தமிழர் வழக்கு. தாய்வீடு குடாநாட்டில் இருந்தமையால் இணுவிலோ யாழ்ப்பாணமோ பருத்தித்துறையோ அண்மையிலிருந்தன. மாதம் ஏழானதும் பஸ் ஏறி ஆனையிறவைக் கடந்து சென்று, பிள்ளையோடு திரும்பிவந்த பெண்ணின் வழக்கம் வன்னியிலே வைத்தியசாலைகள் இல்லாக் குறையை ஓரளவு மறைத்தது எனலாம்.

இம்மறைவு எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களையடுத்து மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து வன்னிக் காடுகளின் ஓரத்திலே குடியேறிய குடும்பங்களுக்குக் குடாநாட்டிலே தாய்வீடு கிடையாது. தோட்டங்களிலே அவர்கள் அனுபவித்த கொடுமைகள் பல. ஆயினும் தோட்டத்து மருந்தகமும் தோட்ட மருத்துவிச்சியும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. வன்னியிலோ காணிக்கு உறுதி இல்லை, வீதி இல்லை, மாரியில் வண்டில் புதையும். வீட்டுப் பிரசவம் வன்னியில் எந்தக் குடும்பங்களிடையே நீடித்தது என்று தேடுவோர் முதலில் இக்குடியிருப்புகளையே நோக்க வேண்டும். இதனை அறியாமையின் நீடிப்பென்று கூறுதல் அநியாயமாகும்.

1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாயிற்று. அதன் பயன்கள் முழுமையாக விளைவதற்கு முன்னரே போர் வந்துவிட்டது. 1990 முதல் வன்னிக்கும் குடாநாட்டுக்கும் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், மின்கலம், பல மருந்துவகைகள் ஆகியன தடைசெய்யப்பட்டன அல்லது கட்டுப்படுத்தப்பட்டன. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டதும் தாய்வீடு என்னும் மூன்றாவது இடம் ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகில் கடப்பது நிறைமாதக் கர்ப்பிணிக்கு உகந்த பயணமன்று. மோட்டார் வாகனங்கள் மண்ணெண்ணெயிலே ஓடப் பழகின. மின்சாரமில்லாத இரவுகளிலே ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த சிறுவிளக்கின் ஒளியிலேதான் பாடம் படித்தனர். வலி கண்டது இரவானால் அவ்வொளியிலேதான் கொடியும் அறுத்தனர். பயிற்சி பெற்ற மருத்துவிச்சியின் பதவி வெற்றிடமாகிய ஊர்களில் பழைய மூதாட்டி மீண்டும் அழைக்கப்பட்டாள். இங்கே மரபு மீளவில்லை. மரபு இடைவெளியை நிரப்பியது. இரண்டும் ஒன்றல்ல.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தது. அடுத்த ஆண்டுக்குள் இலட்சக்கணக்கானோர் வன்னியிலே தஞ்சமடைந்தனர். 1996 செப்டெம்பரிலே கிளிநொச்சி நகரம் படையினர் வசமாகியபோது நகரத்து வைத்தியசாலை அக்கராயனுக்கு இடம்மாறி இயங்கலாயிற்று. வரலாற்றின் விசித்திரம் இது. தலைமுறை தலைமுறையாக வைத்தியசாலையைத் தேடிக் காட்டுப்பாதையிலே சென்ற ஊருக்கு மாவட்டத்தின் வைத்தியசாலையே தேடி வந்தது. ஆனால் அது வந்த வேளையிலே சுற்றுவட்டாரத்தில் மர நிழலிலும் பாடசாலைகளிலும் கிடந்த அகதிகளின் தொகை அதன் கட்டில்களைவிடப் பன்மடங்காயிருந்தது. மலேரியாவும் தன் பழைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. குருதிச்சோகையுற்ற தாய், குருதி சேமிக்க மின்சாரமில்லாத வைத்தியசாலை, வைத்தியசாலைக்கு வர எரிபொருளில்லாத வாகனம் என்னும் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த காலம் அது.

இக்காலத்தைப் பற்றி எழுதும் எவரும் 1997 ஒக்டோபர் மாதத்தைக் கடந்துசெல்ல இயலாது. அம்மாதம் 18ஆம் திகதி முதல் 23ஆம் திகதிவரை கொழும்பிலே பாதுகாப்பான தாய்மை பற்றிய சர்வதேச மாநாடொன்று கூடியது. 1987இல் நைரோபியில் தொடங்கிய இயக்கத்தின் பத்தாண்டு அனுபவத்தை மீளாய்வு செய்வதே அதன் பணி. வறிய நாடொன்று தாய் இறப்பை எவ்வாறு குறைக்கலாம் என்பதற்கு இலங்கை ஓர் எடுத்துக்காட்டாக விளங்கியமையால் கொழும்பு பொருத்தமான இடமாயிற்று. பாரம்பரிய மருத்துவிச்சிகளுக்குச் சில வாரப் பயிற்சியும் ஒரு பையும் கொடுத்துவிட்டால் தாய் இறப்புக் குறையும் என 1970களிலிருந்து நிலவிய நம்பிக்கை அங்கு கைவிடப்பட்டது. ஒவ்வொரு பிரசவத்தின்போதும் திறன்பெற்ற ஒருவர் அருகிலிருத்தல் வேண்டும், அவருக்குப் பின்னால் அவசர சிகிச்சை இருத்தல் வேண்டும் என்பதே புதிய முடிபு.

முடிபு சரியானது என்பதிலே ஐயமில்லை. ஆயின் அது எடுக்கப்பட்ட மண்டபத்திலிருந்து ஒருநாட் பயணத் தூரத்திலே, அதே ஆண்டு மே மாதம் தொடங்கிய 'ஜெயசிக்குறு' நடவடிக்கை கண்டி வீதியோரமாக நடந்துகொண்டிருந்தது. திறன்பெற்றவரும் அவசர சிகிச்சையும் எவை என்பதை அக்கராயன் வைத்தியசாலையின் தாதியரும் மருத்துவிச்சிகளும் நன்கு அறிந்திருந்தனர். அவர்களிடம் இல்லாதவை மருந்தும் எரிபொருளும் ஆட்தொகையுமே. பாரம்பரிய மருத்துவிச்சியை நம்பலாமா என்பது கொழும்பிலே கொள்கைப் பிரச்சினை. வன்னியிலே அவளையும் விட்டால் வேறு யார் என்பதே பிரச்சினை. இலங்கையை எடுத்துக்காட்டாகக் கூறிய அறிக்கைகளும் இலங்கைக்குள்ளே இருந்த இப்பகுதியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

சந்திக்காமைக்கு எண்களும் ஒரு காரணம். 1987, 1993, 2000 ஆகிய ஆண்டுகளிலே நடாத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீடுகள் மூன்றிலும் வடக்கும் கிழக்கும் முழுமையாகவோ பெரும்பகுதியாகவோ விடப்பட்டன. 2006-07 அளவீட்டிலே வடமாகாணம் விடுபட்டது. 1981க்குப் பின்னர் 2012வரை கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முழுமையான குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலையில் நிகழ்கின்றன என 1990களில் பெருமையோடு கூறப்பட்ட இலங்கை, வன்னியைக் கழித்த இலங்கையே. வரலாற்று மாணவர் இதனைச் சிறு தொழில்நுட்பக் குறிப்பென ஒதுக்கிவிடலாகாது. ஒரு தாயின் இறப்பைத் தடுப்பதற்கு முதற்படி அவள் இறந்தாள் எனப் பதிவதாகும்.

2002இன் போர்நிறுத்தத்தோடு கண்டி வீதி திறந்தது, தடைகள் தளர்ந்தன, சிறிதுகாலம் எல்லாம் வழமைக்குத் திரும்பும்போலத் தோன்றியது. 2006 ஓகஸ்டிலே வீதி மீண்டும் மூடப்பட்டது. 2008இன் இறுதிப் பகுதியிலே அக்கராயனும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் முற்றாக இடம்பெயர்ந்தன. கிழக்கு நோக்கி நகர்ந்த மக்களோடு வைத்தியசாலைகளும் நகர்ந்தன. புதுக்குடியிருப்பிலும் பின்னர் புதுமாத்தளனிலும் எறிகணைகளுக்கு நடுவே இயங்கிய தற்காலிக வைத்தியசாலைகளில் பிறந்த பிள்ளைகள் இன்று வளர்ந்து உயர்தர வகுப்பை எட்டும் வயதினர். பதுங்கு குழியிலே நிகழ்ந்த பேற்றை வீட்டுப் பிரசவம் என்பதா, விடுதிப் பிரசவம் என்பதா? இவ்விரு சொற்களும் அமைதிக்காலத்துச் சொற்கள்.

2010 முதல் மக்கள் மீளக்குடியமர்ந்தனர். குளம் மீண்டும் திருத்தப்பட்டது. அக்கராயன் வைத்தியசாலை பிரதேச வைத்தியசாலையாக மீள இயங்கியது. 2016இன் அளவீடு வடக்கையும் உள்ளடக்கியது. நாட்டின் பிரசவங்களில் 99 வீதத்துக்கு மேற்பட்டவை வைத்தியசாலைகளிலேயே நிகழ்ந்தமை அதிலே தெரிந்தது. தாய் இறப்பு வீதம் அத்தசாப்தத்தில் ஓர் இலட்சத்துக்கு 30-40 என்ற அளவில் இருந்தது. வன்னியை நெடுங்காலம் வாட்டிய மலேரியா முற்றாக ஒழிந்ததென உலக சுகாதாரத் தாபனம் 2016இல் சான்றளித்தது. இவை சிறு சாதனைகள் அல்ல. ஆனால் வீட்டுப் பிரசவத்தோடு மற்றொன்றும் மெல்ல மறைந்தது. மருந்தகத்தோடு ஒட்டிய சிறிய பிரசவ விடுதிகளைத் தாய்மார் கடந்துசென்று, விசேட வைத்திய நிபுணர் உள்ள பெரிய வைத்தியசாலையையே நாடலாயினர். நாடு முழுவதும் நிகழ்ந்த மாற்றம் இது. குருதியும் சத்திரசிகிச்சையும் அங்கேதான் உண்டு என்பதால் அவர்களைக் குறைகூற இயலாது. எனினும் ஊருக்கும் பெருவைத்தியசாலைக்கும் நடுவே நின்ற படி தளர்ந்தபின், பயணம் ஒன்றே எஞ்சுகின்றது. வலி வருமுன்னரே சென்று நாட்கணக்கிற் காத்திருத்தல், கூட வருபவர் கூலியை இழத்தல், வீட்டிலுள்ள மூத்த பிள்ளைகளை யாரிடமாவது ஒப்படைத்தல் என்பன அப்பயணத்தின் விலை. கணவனைப் போரிலே இழந்த அல்லது காணாமற்போகக் கொடுத்த குடும்பங்கள் நிறைந்த மாவட்டத்திலே இவ்விலை சிறிதன்று.

வீடு கொடுத்தது எது என்னும் வினாவும் இப்போதுதான் தெளிவாகின்றது. வீடு பாதுகாப்பைக் கொடுக்கவில்லை, துணையைக் கொடுத்தது. தாயின் கையைப் பற்றிக்கொண்டு பெறுவதும், வெந்நீரும் சரக்கும் காத்திருப்பதும் மூடநம்பிக்கைகள் அல்ல. பெண் விரும்பும் துணையொருவர் பிரசவ அறையில் உடனிருத்தல் வேண்டும் என உலக சுகாதாரத் தாபனமே 2018இல் விதந்துரைத்தது. மூதாட்டியின் கையிலிருந்து விஞ்ஞானம் பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது இவ்வளவே. ஆனால் அதைப் பெறுவதற்கு அது ஒரு நூற்றாண்டு எடுத்தது.

மேலைநாடுகளின் அனுபவமும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இங்கிலாந்திலே 1970இல் வெளிவந்த பீல் அறிக்கை எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நிகழ வசதி செய்தல் வேண்டும் எனக் கூறிற்று. நாற்பதாண்டுகளின் பின், 2011இல் 64,000க்கும் மேற்பட்ட தாழ்ந்த ஆபத்துடைய தாய்மாரை ஆராய்ந்த பேராய்வொன்று முன்னர் பிள்ளை பெற்றவர்களுக்கு வீடோ மருத்துவிச்சிகளின் பிரசவ நிலையமோ சிசுவுக்கு மேலதிக ஆபத்தைத் தரவில்லை எனக் கண்டது. முதற்பிள்ளை பெறுவோருள் வீட்டைத் தெரிந்தவர்களிடையே சிசுவுக்கு நேர்ந்த பாரதூரமான விளைவுகள் ஆயிரத்துக்கு 9.3, வைத்தியர் பிரிவுகளிலே 5.3. அதே ஆய்வின் மற்றோர் எண் வன்னி மாணவரின் கண்ணுக்கு உடனே படும்: வீட்டைத் தெரிந்த முதற்பிள்ளைத் தாய்மாருள் 45 வீதத்தினர் பிரசவத்தின் போதோ அதன்பின் உடனேயோ வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டனர். அங்கு வீட்டுப் பிரசவம் என்பது வாசலிலே வந்து நிற்கக்கூடிய அம்புலன்ஸ் வண்டியையும் சேர்த்தே எண்ணப்படும் ஏற்பாடு. முறிகண்டிப் பாதையிலே மாரிகாலத்து நள்ளிரவில் அந்த 45 வீதம் என்னவாகும் என்று கேட்டால், இங்கிலாந்தின் தெரிவை அக்கராயனுக்கு அப்படியே கொண்டுவர முடியாமை விளங்கும்.

நெதர்லாந்து இதற்கு இன்னும் நெருங்கிய சான்று. 1960களின் நடுப்பகுதிவரை அந்நாட்டுப் பெண்களுட் பெரும்பாலானோர் வீட்டிலேயே பெற்றனர். 1990களிலும் மூன்றிலொரு பங்கினர் அவ்வாறே பெற்றனர். தட்டையான சிறிய நாடு, செறிந்த வீதிகள், நன்கு பயின்ற மருத்துவிச்சிகள், குறுகிய நேரத்திலே எட்டக்கூடிய வைத்தியசாலை ஆகியவற்றின்மீதே அவ்வழக்கம் நின்றது. அந்த நெதர்லாந்தின் நிதியுதவியோடு கட்டப்பட்ட பெண்கள் சுகாதாரத்துக்கான விசேட நிலையம் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையிலே 2024 மே மாதத்திலே திறந்துவைக்கப்பட்டது. அக்கராயனிலிருந்து அந்நிலையத்துக்குச் செல்லும் பெண் முதலில் கண்டி வீதியை எட்டவேண்டும். இடையே முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் வாகனத்தை நிறுத்தித் தேங்காய் உடைக்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை.